சென்னையில் மாதம் 6,000 ரூபாய்க்குள் மூன்று வேளையும் வெளியில் சாப்பிட முடியுமா?

தேனிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். தங்கியிருப்பது சைதாப்பேட்டையில், இரண்டு நண்பர்களுடன் ஓர் அறை. சமையலுக்கு வசதி இல்லை, மூன்று வேளையும் வெளியில்தான். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருப்பதால் சாப்பாட்டுக்கு மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது.

வந்த புதிதில் இணையத்தில் "தவறவிடக் கூடாத கடைகள்" என்று போட்டிருந்த பட்டியல்களைப் பிடித்துக்கொண்டு அலைந்தேன். இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி என்று எழுந்தால் ஊரில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் காசு போய்விடுகிறது. வயிறும் கெடக் கூடாது, காசும் கரையக் கூடாது. சைவம், அசைவம் இரண்டும் உண்பேன். பழைய சென்னைவாசிகள் வழி சொல்லுங்கள்.

மேன்ஷன்வாசி

தம்பி, அந்தப் பட்டியல்களை முதலில் மூடி வை. அதில் வரும் கடைகள் எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ரத்னா கபேயின் சாம்பார் இட்லிக்கு நானும் அடிமைதான். 1948 முதல் திருவல்லிக்கேணியில் இருக்கும் கடை. ஆனால் விருந்தாளியை அழைத்துக்கொண்டு போகும் கடை வேறு, அன்றாடம் வயிற்றை ஒப்படைக்கும் கடை வேறு.

கடையைத் தேடாதே, அங்கே யார் சாப்பிடுகிறார்கள் என்று தேடு. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில், அதாவது தனி ஆட்கள் தங்கும் விடுதிகளில், சமையலறை கிடையாது. வேலை தேடி வந்தவன், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன், பத்திரிகையில் பிழை திருத்துகிறவன் எல்லோரும் மூன்று வேளையும் தெருவில்தான் உண்டாக வேண்டும். அவர்களை நம்பித்தான் அந்தப் பகுதி மெஸ்கள் பிழைக்கின்றன. சுற்றுலா வந்தவர் ஒரு முறை ஏமாந்தால் கடைக்காரருக்கு நட்டமில்லை. தினம் வருகிறவனுக்கு ஒரு நாள் சாம்பார் புளித்துவிட்டால் மறுநாள் அவன் எதிர்க்கடையில் உட்கார்ந்திருப்பான், தன் அறைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு.

அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ் இருக்கிறது. டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்து, பந்தி முடிந்ததும் அடுத்த கூட்டத்தோடு போய் உட்கார வேண்டும். இலை, சோறு, குழம்பு, ரசம், தயிர். பெயர் பெற்ற பிறகும் அங்கே மேன்ஷன்காரர்கள் உட்காருவது நிற்கவில்லை. அதுதான் நான் பார்க்கும் சான்றிதழ். பார்த்தசாரதி கோயில் பிரசாதக் கடையில் புளியோதரை வாங்கி மாலைப் பசியைத் தீர்த்துக்கொள்வதும் உண்டு.

உனக்குத் திருவல்லிக்கேணி தொலைவு. ஆனால் விதி ஒன்றுதான். கிண்டியில் உன் தொழிற்பேட்டைக் கடைசல்காரர்களும் காவலாளிகளும் மதியம் எங்கே போகிறார்கள் என்று ஒரு வாரம் பார்.

அரைபிளேட்

மேன்ஷன்வாசி அண்ணன் சைவத்தோடு நிறுத்திக்கொண்டார். அசைவத்துக்கு ஒரு சூத்திரம் சொல்கிறேன்.

அசைவ மெஸ்ஸில் சாப்பாட்டுக்கு வாங்கும் காசு பெரும்பாலும் நியாயமாகத்தான் இருக்கும். மீன் குழம்பு, கறிக்குழம்பு, கோழிக்குழம்பு என்று கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். பில் ஏறுவது பிறகு, பரிமாறுகிறவர் ஒரு பெரிய தட்டில் வஞ்சிரம், இறால், சுறாப்புட்டு எல்லாம் அடுக்கி மூக்குக்குக் கீழே நீட்டும்போது! அந்த ஒரு நிமிடம் கண்ணை இலையில் வைத்துக்கொண்டால் தப்பித்தாய். சேப்பாக்கம் மைதானத்துக்கு அருகில் உள்ள நாயர் மெஸ் 1961-இல் தொடங்கியது. வறுவலுக்கென்றே அங்கே கூட்டம் நிற்கும். சம்பள நாளன்று போ. மற்ற நாட்களில் எந்த மெஸ்ஸானாலும் குழம்போடு நிறுத்திக்கொள்.

அடுத்தது குஸ்கா. பிரியாணி அண்டாவிலிருந்தே எடுக்கிற சோறு, கறித்துண்டு மட்டும் இருக்காது. மேலே கத்திரிக்காய்க் கூட்டும் வெங்காயத் தயிரும் அதே. ஓர் அவித்த முட்டை சேர்த்துக்கொண்டால் பிரியாணியின் முக்கால் சுகம் பாதி விலையில். பன்னிரண்டரை மணிக்குப் போனால் அண்டாவின் அடியிலிருந்து மசாலாவோடு வரும். ஒன்றரைக்கு மேல் வெறும் வண்ணச் சோறுதான்.

பாரிமுனைக் கணக்கர்

சிறிய உணவகங்கள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். விலை எங்கே ஏறுகிறது என்பதை அந்தப் பேரேட்டிலிருந்து சொல்கிறேன்.

ஒரு தட்டு இட்லியில் அரிசி, உளுந்தின் பங்கு சிறியது. வாடகை, ஆள் கூலி, எரிவாயு ஆகியவைதான் பெரியவை. கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டரின் விலை மாதத்தின் முதல் தேதி மாற்றப்படும். வீட்டு சிலிண்டர் விலை அசையாமல் இருக்கும் மாதங்களிலும் இது ஏறி இறங்கும். ஏறும்போது தோசை விலையைக் கூட்டுவார்கள். இறங்கும்போது குறைத்தவரை நான் பார்த்ததில்லை.

எனவே மலிவான கடையைத் தேடுகிறவர் முதலில் விலைப்பலகையின் நீளத்தைப் பார்க்க வேண்டும். எண்பது பண்டம் எழுதியிருக்கும் கடையில் பாதிக்கு மேற்பட்டவற்றை அன்று யாரும் கேட்க மாட்டார்கள். அவற்றுக்கான பொருள் குளிர்பதனப் பெட்டியில் கிடக்கும். கிடந்து கெடும் செலவு உங்கள் தட்டில்தான் ஏறும். நான்கைந்து பண்டம் மட்டும் போடுகிற கடையில் மாவு அன்றைக்கே தீர்ந்துவிடும். என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடை மாலையில்தான் திறக்கும். நெய்ப்பொடி இட்லி, ஊத்தப்பம், அவ்வளவுதான் பட்டியல். மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸில் காலையில் இட்லி, பொங்கல், வடை; கூடக் கெட்டிச் சட்னி. கூடம் சிறியது, தெருவில் நின்று இடம் பிடிக்க வேண்டும். காத்திருக்கிற நேரமும் ஒரு செலவு என்று நினைப்பவர்கள் அங்கே போகாமல் இருப்பது நல்லது.

சொந்தக் கட்டடத்தில் நடக்கும் பழைய கடை, குடும்பமே அடுப்படியில் நிற்கும் கடை, குளிர்சாதனம் இல்லாத கூடம் மூன்றும் விலையை இறக்கும். ஒரே உணவகத்தில் குளிர்சாதனக் கூடத்துக்கு ஒரு விலை, வெளிக்கூடத்துக்கு ஒரு விலை வைத்திருப்பார்கள். சமையல் ஒன்றுதான். வாசலில் இருக்கும் பலகையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

பில்லையும் கொஞ்சம் படியுங்கள். சாதாரண உணவகங்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். காம்போசிஷன் என்னும் எளிய வரித் திட்டத்தில் இருக்கும் சிறு கடைகள் அந்த வரியைத் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால் கேளுங்கள். சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் விதி வகுத்தது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உங்கள் 6,000 ரூபாய்க் கணக்கில் சேவைக் கட்டணம் வாங்கும் கடைக்கே இடமில்லை. ஆனாலும் என்றாவது நண்பர் விருந்தில் பயன்படும்.

செயலிப்பிரியன்

இவ்வளவு அலைச்சல் எதற்கு? உணவுச் செயலியைத் திறந்தால் தள்ளுபடி, மதிப்பெண், படம் எல்லாம் இருக்கிறது. நான்கு நட்சத்திரத்துக்கு மேல் உள்ளதை வடிகட்டினால் முடிந்தது. நான் அறையை விட்டு இறங்குவதே இல்லை.

பாரிமுனைக் கணக்கர்

செயலியில் பல கடைகள் வைக்கும் விலையும் நேரில் வைக்கும் விலையும் ஒன்றல்ல. செயலிக்குக் கொடுக்கும் கமிஷனை ஏற்றித்தான் பலரும் விலை போடுகிறார்கள். அதன் மேல் பொதி கட்டணம், தளக் கட்டணம், கொண்டுவரும் கூலி. 2022 ஜனவரி 1 முதல் செயலி வழியாக விற்கும் உணவக உணவுக்குச் செயலி நிறுவனமே 5 சதவீத வரி வசூலிக்க வேண்டும் என்பது விதி. நேரில் போனால் வரியே கேட்காத சிறு கடையும் இதில் அடங்கும். தேனிக்காரர் ஒரு முறை அதே கடைக்கு நடந்து போய் வித்தியாசத்தைப் பார்க்கட்டும்.

அரைபிளேட்

நட்சத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் மிகச் சிறந்த சால்னா ஊற்றும் தள்ளுவண்டிக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது. வண்டிக்குப் பெயரே இல்லை, அப்புறம் எங்கே மதிப்பெண் போடுவது?

சுக்குக்காபி

எல்லோரும் ருசியையும் காசையும் பேசுகிறீர்கள். வயிறு கெடக் கூடாது என்றும் அந்தத் தம்பி கேட்டிருக்கிறார். ஒரு முறை மஞ்சள் காமாலை வந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் மருத்துவமனைக்குப் போய்விடும். நான் தள்ளுவண்டிப் பக்கமே போவதில்லை. கண்ணாடி போட்ட கடையில் இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தாலும் நிம்மதி.

வடசென்னை மகள்

சுக்குக்காபி அம்மா, கண்ணாடி சுத்தத்தைக் காட்டாது. சமையலறை உள்ளே எப்படி இருக்கிறது என்பது அந்தக் கடையில் உங்களுக்குத் தெரியாது. தள்ளுவண்டியில் எல்லாம் கண் முன்னால் நடக்கிறது.

அரசு மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயிற்றுப்போக்கோடு வருகிறவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், தண்ணீர், சட்னி, பழரசத்து ஐஸ் என்ற பதில் அடிக்கடி வரும். கொதிக்கிற சாம்பாரும் ஆவி பறக்கிற இட்லியும் அவ்வளவு எளிதில் ஆளைக் கவிழ்ப்பதில்லை. நான் வண்டிக் கடையில் பார்ப்பவை: தட்டு எந்தத் தண்ணீரில் கழுவப்படுகிறது, ஒரே வாளியிலேயே முக்கி எடுக்கிறார்களா, எண்ணெய் கறுத்து நுரைக்கிறதா, தேங்காய்ச் சட்னி வெயிலில் எவ்வளவு நேரமாக இருக்கிறது. தட்டின் மேல் வாழையிலையோ தாளோ போட்டுத் தருகிறவரிடம் சாப்பிடுவேன். அச்சடித்த செய்தித்தாளில் பஜ்ஜியைப் பிழிந்து தருகிறவரிடம் வாங்க மாட்டேன். உணவை அப்படிச் சுற்றித் தரக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. குடிக்கத் தண்ணீர் என் பையில் இருக்கும்.

சின்ன வண்டிக்காரரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். 14 இலக்க எண் கொண்ட அந்தச் சான்றைச் சட்டகம் போட்டு மாட்டியிருக்கும் வண்டிகளும் இருக்கின்றன. அது ருசிக்கு உத்தரவாதம் தராது என்றாலும் ஆள் நாளைக்கும் அங்கேயே நிற்பார் என்று தெரியும்.

இனி தேனிக்காரருக்கு. இவ்வளவு நேரம் ஒருவரும் அம்மா உணவகத்தைச் சொல்லவில்லையே! 2013-இல் மாநகராட்சி தொடங்கியது. காலையில் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். மதியம் சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. இரவு இரண்டு சப்பாத்தியும் பருப்பும் மூன்று ரூபாய். எங்கள் மருத்துவமனையில் நோயாளியோடு வந்து நாட்கணக்கில் கிடப்பவர்கள் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். நானும் காலைப் பணிக்குப் போகும்போது நான்கு இட்லியை அங்கேயே முடித்துக்கொள்கிறேன். இட்லி எல்லா இடத்திலும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. சில வட்டங்களில் பஞ்சுபோல் இருக்கிறது, சிலவற்றில் கொஞ்சம் கெட்டி. சாம்பார் நீர்த்துத்தான் இருக்கும். ஆனால் சூடாக இருக்கும்.

பெண்களுக்காக ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். இரவு எட்டு மணிக்குக் கையேந்தி பவனில் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாப் பெண்களாலும் முடிவதில்லை. அம்மா உணவகத்தில் சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுய உதவிக் குழுவினர். தனியாகப் போனாலும் யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள சிற்றுண்டிக் கடைகளிலும் அப்படித்தான். கோயிலுக்கு வரும் பெண்கள் கூட்டம் எப்போதும் இருக்கும்.

செயலிப்பிரியன்

அம்மா உணவகம் யார் ஆட்சியில் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று பேசினால்...

நெறியாளர்

இதற்கு மேல் வந்த ஒன்பது பதிவுகள் அரசியல் பகுதிக்கு மாற்றப்பட்டன. இங்கே இட்லியைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

மேன்ஷன்வாசி

கோயில் அன்னதானத்தையும் சொல்லலாம். 2002 முதல் அறநிலையத் துறைக் கோயில்களில் மதிய அன்னதானத் திட்டம் நடக்கிறது. கபாலீசுவரர் கோயிலிலும் உண்டு. கையில் காசே இல்லாத மாதக் கடைசிகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

சுக்குக்காபி

சம்பளம் வாங்குகிறவர் அந்த வரிசையில் நின்று ஓர் ஏழையின் இடத்தைப் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மேன்ஷன்வாசி

அம்மா, அது சுவாமி போடும் சாதம். வாசலில் யாரும் சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை. மாதக் கடைசியில் சம்பளக்காரன்தான் பெரிய ஏழை.

தேனிக்காரன்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மிக்க நன்றி. மதியம் தொழிற்பேட்டைக்குள் சிறிய வேன்களில் எலுமிச்சை சாதம், சாம்பார் சாதம், தயிர் சாதம் விற்கிறார்கள். மலிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று மணிக்கே மறுபடி பசிக்கிறது. நின்றுகொண்டே வேலை செய்கிற ஆள் நான். இரவிலோ இரண்டு தோசை, ஒரு புரோட்டா என்று போனால் மதியச் சாப்பாட்டை விட அதிகம் ஆகிறது. இதற்கு என்ன செய்வது?

பாரிமுனைக் கணக்கர்

நீங்கள் கேட்டதுதான் இந்த நகரத்துச் சாப்பாட்டுக் கணக்கின் மையம். சென்னையில் மதியம் வயிற்றுக்கு விலை, இரவில் எண்ணிக்கைக்கு விலை.

மதியம் அளவில்லாச் சாப்பாடு போடும் மெஸ்ஸில் ஒரே தொகை. எவ்வளவு சோறு கேட்டாலும் அதேதான். உடல் உழைப்புள்ளவருக்கு இதைவிட லாபமான பேரம் கிடையாது. கடைக்காரர் சராசரியாக விலை வைக்கிறார். குறைவாக உண்ணும் அலுவலகக்காரர் உங்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுச் சாப்பாடு, மினி மீல்ஸ் என்று விற்பது அந்த அலுவலகக்காரருக்கு. கிண்ணம் கிண்ணமாக அடுக்கியிருக்கும், பசி அப்படியே இருக்கும். சில கடைகளில் அதற்கும் முழுச் சாப்பாட்டுக்கும் விலையில் பெரிய வேறுபாடும் இல்லை. மெஸ்ஸில் மாத டோக்கன் உண்டா என்று கேளுங்கள். மொத்தமாகக் கட்டினால் கொஞ்சம் குறைப்பார்கள். ஆனால் வராத நாளுக்குக் காசு திரும்பக் கிடைக்குமா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சண்டை அங்கேதான் வரும்.

இரவில் பண்டம் பண்டமாகக் காசு. அதனால் இரவைச் சுருக்குங்கள். காலையில் அம்மா உணவகம் அல்லது ஒரு வண்டிக் கடை, மதியம் முழுச் சாப்பாடு, இரவில் சப்பாத்தியோ இட்லியோ நான்கு, ஒரு வாழைப்பழம். ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்பது உங்கள் வரம்பு. இந்த வரிசையில் போனால் பால், முட்டைக்கும் மிஞ்சும்.

அரைபிளேட்

சைதாப்பேட்டையில் இருந்துகொண்டு வடகறி பற்றி யாரும் சொல்லாமல் விட்டால் அது பாவம். மாரி ஹோட்டலில் காலையில் இட்லியோ செட் தோசையோ வாங்கி, வடகறி ஊற்றிச் சாப்பிடு. கடலைப்பருப்பு வயிற்றில் நின்று வேலை செய்யும், மதியம் வரை பசி எட்டிப் பார்க்காது. தினம் போகச் சொல்லவில்லை, வாரத்தில் ஒரு நாள்.

வடசென்னை மகள்

நீங்கள் இருக்கும் தடத்திலேயே ரயிலைப் பிடித்தால் சென்னைக் கடற்கரை நிலையம் வந்துவிடும். ஒரு சனிக்கிழமை மாலை வாருங்கள். பர்மா பஜாரை ஒட்டிய இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும். 1960-களில் பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆனபோது அங்கிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்களின் கைப்பக்குவம் இது. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளிக்கரைசல், எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்னும் மொறுமொறுப்பான வறுவலை நொறுக்கித் தூவித் தருவார்கள். கூட வாழைத்தண்டு சூப். அதைக் கேட்டால் மறுபடி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நடுவில் பூண்டும் வெங்காயமும் அடைத்த முட்டை ஒன்று எடுத்துக்கொண்டால் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். இதையும் பெரிய உணவகங்களில் தட்டு அலங்காரத்தோடு விற்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த விலைக்கு எங்கள் பக்கம் குடும்பமே சாப்பிடும்.

மாட்டிறைச்சி உண்பவராக இருந்தால் பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் மாலைக் கடைகள் உண்டு. ஆட்டுக்கறி விலையை நினைத்தால் உழைக்கிறவர்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும் கறி.

சுக்குக்காபி

அத்தோவைக் கையாலா பிசைகிறார்கள்?

வடசென்னை மகள்

ஆமாம் அம்மா. உங்கள் வீட்டுத் தயிர் சாதத்தை எதில் பிசைகிறீர்கள்?

சுக்குக்காபி

நல்ல கேள்விதான். இருந்தாலும் என் கை எங்கே போய்விட்டு வந்தது என்று எனக்குத் தெரியும். சரி, தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். எங்கே வாங்கினாலும் பார்சலுக்கு ஒரு தூக்குச்சட்டி எடுத்துக்கொண்டு போங்கள். 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் கொதிக்கிற சாம்பாரை மெல்லிய பையில் கட்டித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாத்திரத்தை நீட்டினால் ஒரு கரண்டி கூடத்தான் ஊற்றுவார்கள். இது என் அனுபவம்.

தேனிக்காரன்

பட்டறையில் மூத்த கடைசல்காரர் ஒருவரிடம் கேட்டேன். தொழிற்பேட்டைக்கு வெளியே ஒரு சந்தில், பலகைகூட இல்லாத வீட்டு மெஸ்ஸுக்கு அழைத்துப் போனார். ஒரு குழம்பு, ஒரு பொரியல், ரசம், மோர். அவ்வளவுதான். சோற்றுக்கு அளவில்லை. புதன், வெள்ளி மீன் குழம்பாம். மாதக் கணக்கு எழுதிக்கொள்வார்கள். வராத நாளைக் கழித்துவிடுவதாகவும் சொல்லிவிட்டார்கள். கணக்கர் ஐயா சொன்னபடி முதலிலேயே கேட்டுவிட்டேன்.

இப்போது மிச்சம் ஞாயிற்றுக்கிழமைதான். அந்த மெஸ் விடுமுறை. சைதாப்பேட்டையிலும் ஞாயிறு இரவு நான் பார்த்த சிறு கடைகள் மூடியிருக்கின்றன. திறந்திருப்பவை எல்லாம் பிரியாணிக் கடைகள்.

மேன்ஷன்வாசி

ஞாயிறு மேன்ஷன்காரர்களின் பழைய எதிரி. மாவுக் கடையில் ஒரு பாக்கெட் தோசை மாவு, ஊரிலிருந்து வரும்போது அம்மா கொடுத்த இட்லிப் பொடி, ஒரு மின்சார அடுப்பு. மூன்று பேர் சேர்ந்தால் அடுப்பின் விலை பெரிதில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்கு.

தேனிக்காரன்

கேட்டேன். மின்கட்டணத்தில் மாதம் நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் சம்மதமாம். ஆனால் கருவாடு மட்டும் வறுக்கக் கூடாது என்கிறார்.

அரைபிளேட்

கருவாட்டுக் குழம்பு வைக்கலாமா என்று கேள். வறுக்கத்தானே கூடாது என்றார்?